எங்க வீட்டுக் குடல் குழம்பு

மாட்டுக்கறி பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கூட்டம் போட்டுப் பேசினோம், துண்டறிக்கை அடித்துப் பேசினோம், அண்டாவில் பிரியாணி ஆக்கிப் போட்டும் பேசினோம். 2012 ஏப்ரலில் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தித் தாக்குதலுக்கு ஆளானார்கள். 2017 மே மாதம், மாட்டுச் சந்தைகளில் வெட்டுக்கு மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் உட்கார்ந்து கறி தின்றார்கள். அதற்காக ஒரு மாணவரின் கண்ணில் அடித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது. மாட்டுப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றார்கள். நம்ம ஆட்கள் கேள்வி கேட்டார்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழை வருகிறது என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் நான் போன விழாக்களில் எல்லாம் என் தட்டில் விழுந்தது பிரியாணிதான். எலும்பில்லாத கறி, ஏலக்காய் வாசனை. நாங்கள் வீட்டில் தின்றது அது இல்லை. நாங்கள் தின்றது குடல். ஈரலும் நுரையீரலும் ரத்தமும் தலையும் காலும். கறி என்பது எங்களுக்கு வருசத்தில் நாலு நாள். குடல் மாசத்துக்கு ரெண்டு தடவை. அந்தக் குடலைப் பற்றி நாம் ஏன் வாய் திறப்பதில்லை என்று ரொம்ப நாளாக எனக்குள் ஒரு கேள்வி.

எங்க ஊர் சீயமங்கலத்துப் பக்கம். வந்தவாசி வட்டம், தேசூருக்குக் கிட்ட. சந்தைக்கும் சினிமாவுக்கும் செஞ்சிக்குப் போவோம். ஊரைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்க வருகிறவர்கள். ஏழாம் நூற்றாண்டுக் கோயில். அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கல்வெட்டுப் பேர். மலையில் சமணச் சிற்பங்களும் உண்டு, பார்சுவநாதரும் பாகுபலியும் பாறையில் நிற்கிறார்கள். சைவக்காரர்களும் வருவார்கள், நயினார்களும் வருவார்கள், தொல்லியல் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். காலனிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். சீயம் என்றால் சிங்கம். சிங்கம் இரையை அடித்தால் முதலில் வயிற்றைத்தான் கிழிக்கும், குடலும் ஈரலும்தான் அதுக்கு முதல் பந்தி. ஊர்ப் பேருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டவர்கள் நாங்கள்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் காலனிக்குப் பின்னால் புளியமரத்தடியில் மாடு அறுப்பார்கள். ஏர் ஓட்டி ஓய்ந்த எருது, இல்லாவிட்டால் கறவை நின்றுபோன கிழட்டு மாடு. நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கி வந்திருப்பார்கள். பனை ஓலையைப் பரப்பிக் கூறு கட்டுவார்கள். கூறு இவ்வளவு என்று விலை. காசு வைத்திருப்பவன் தொடைக்கறி உள்ள கூறாகப் பார்த்து எடுப்பான். எங்க அப்பா கூறு எடுக்கிறவர் இல்லை. அவர் கால் பிடிக்கிற ஆள். மாட்டைச் சாய்ப்பது, கால் பிடிப்பது, தோலுரிக்கக் கூட நிற்பது. அதுக்குக் கூலி காசாகக் கிடைக்காது. வயிறும் குடலும்தான் கூலி. சில வாரம் கூட ஒரு துண்டு ஈரல். ஆக எங்க வீட்டுக்குக் குடல் வந்தது ருசிக்காக இல்லை, சம்பளமாக வந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சம்பளம் வந்துவிட்டால் அப்பா வேலை முடிந்தது. அப்புறம் எல்லாம் பொம்பளை வேலை. அம்மா, நான், பக்கத்து வீட்டு அத்தை. அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடி, தலையில் தூக்கிக்கொண்டு ஏரிக் கால்வாய்க்குப் போவோம். நேர் வழியில் ஒரு பம்புசெட்டு இருந்தது, தண்ணி பாம்பு மாதிரி கொட்டும். அதில் நாங்கள் கை கால்கூடக் கழுவ முடியாது, குடலை எங்கே கழுவுவது? அதனால் சுற்றிக்கொண்டு அரை மைல் நடக்க வேண்டும். கோடையில் கால்வாய் வற்றிவிட்டால் காலனிக் கைப்பம்பில் வரிசை நின்று குடம் குடமாகச் சுமந்து கழுவ வேண்டும். குடல் கழுவத் தண்ணி எவ்வளவு வேண்டும் என்பது கழுவினவளுக்குத்தான் தெரியும்.

மாட்டுக்கு வயிறு நாலு அறை. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பெரிய வயிறு கம்பளித் துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும். அடுத்தது தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக. மூன்றாவது ஏடு ஏடாக, ஒன்றின்மேல் ஒன்றாக. அதை அம்மா ‘பொஸ்தகம்’ என்று சொல்லும். ‘பொஸ்தகத்த நல்லா பிரிச்சிக் கழுவுடி, ஏட்டு எடுக்குல மண்ணு நிக்கும்’ என்று அதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எனக்குப் பிரிக்கக் கொடுத்த முதல் புத்தகம் அதுதான். நாலாவது அறை வழுவழுப்பாக இருக்கும்.

முதலில் பெருவயிற்றைக் கிழித்து உள்ளே இருக்கிற சாணியைக் கொட்ட வேண்டும். முழுசாகச் சாணியாகாத பச்சைப் புல், வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நாற்றத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் ரொம்பப் பேசுவார்கள். அது நாற்றம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது புல் நாற்றம். அதே சாணியை மொழுகின வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் அவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். கொட்டின சாணியைத் தங்கள் நிலத்துக்கு எருவாக அள்ளிக்கொண்டு போகவும் ஆள் வரும்.

சின்னக் குடலைத் திருப்புவது ஒரு வித்தை. ஒரு முனையை நாலு விரல் அளவு வெளிப்பக்கமாக மடித்து, மடிப்புக்குள் தண்ணியை ஊற்றினால் தண்ணியின் கனத்திலேயே குடல் தானாகத் திரும்பிக்கொண்டு போகும். உள்பக்கம் வெளியே வந்துவிடும். அம்மா ஒரு சொம்புத் தண்ணியில் பத்து முழம் திருப்பும். நான் குச்சி வைத்துக் குத்திக் குத்திக் கிழிப்பேன். ‘குச்சி இன்னாத்துக்கு, தண்ணிய வுடு, அது வழி பாத்துக்கும்’ என்று சொல்லும்.

பெருவயிற்றில் இருக்கிற கறுப்புத் தோலை உரிப்பதற்குச் சுடுதண்ணி வேண்டும். அதிலும் பதம் உண்டு. தண்ணி ரொம்பக் கொதித்துவிட்டால் கறுப்பு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதைப் போட்டுச் சுரண்டினாலும் போகாது. சூடு குறைந்தால் இளகாது. விரலை விட்டு ஒன்று, ரெண்டு, மூன்று எண்ணுவதற்குள் எடுக்கிற சூடு. முக்கி எடுத்துச் சுண்ணாம்பு தடவி, கொட்டாங்கச்சி விளிம்பால் சுரண்டினால் கறுப்பு வழித்துக்கொண்டு வந்து உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்பு நகக்கண்ணில் எரியும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் விரல்நுனி வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். கிட்ட உட்கார்ந்த பிள்ளை என்னாடி கையி இது என்று கேட்டால், மாட்டுக்குடல் கழுவினேன் என்று சொல்வேன். அந்தப் பிள்ளை இடம் மாறி உட்காரும். எனக்குப் பெஞ்சில் கொஞ்சம் தாராளமாக இடம் கிடைக்கும்.

குழம்பு வைப்பதில் அம்மாவுக்குப் பெரிய சாமான் எதுவும் கிடையாது. மஞ்சத்தூள் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிடும். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், தனியா, கல்லுப்பு. இருந்தால் மிளகும் சோம்பும். ஊறவைத்த மொச்சைக்கொட்டை ஒரு கை. மொச்சை போட்டால் குழம்பு நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேருக்கு வரும், அதுதான் காரணம். விறகடுப்பில் மூன்று மணி நேரம். வேலிக்காத்தான் முள்ளைத் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டும். இப்போது குக்கர் வந்துவிட்டது, பத்து விசில் விட்டாலும் அந்த மெத்துமெத்துப்பு வருவதில்லை. கூட கேவுரு களி. களி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் புரட்டி முழுங்கும்போது நடுவில் குடல் துண்டு ஒன்று நெருடும். அதைக் கடைவாயில் ஒதுக்கிக் கடைசி வரை மென்றுகொண்டிருப்போம்.

ஈரல் எங்க அண்ணன்களுக்கு. அடுப்புத் தணலில் சுட்டு உப்புத் தடவி முதலில் அவர்களுக்கு. மண்ணீரலை நாங்கள் சுவரொட்டி என்போம், அது மட்டும் பிள்ளைத்தாச்சி இருந்தால் அவளுக்கு, ரத்தம் ஊறும் என்று. பிள்ளைத்தாச்சி இல்லாத வாரம் அதுவும் ஆம்பளைக்கே. அப்பா ஒரு குவார்ட்டரோடு உட்காருவார், தொட்டுக்கொள்ள ரத்தப் பொரியல். கழுவின நாங்கள் மூன்று பேரும் கடைசியில் சட்டியை வழித்துத் தின்போம். அம்மாவுக்குப் பல நாள் மொச்சையும் குழம்பும்தான் மிச்சம். சாதி எங்களுக்கு மாட்டில் எந்தப் பகுதி என்று தீர்மானித்தது. அந்தப் பகுதிக்குள்ளே எந்தத் துண்டு என்பதை எங்க வீட்டு ஆம்பளைகள் தீர்மானித்தார்கள். இதை எழுதினால் இயக்கத் தோழர்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

குடலைப் பற்றிப் பேச நமக்கு இருக்கிற தயக்கத்துக்கு வேறொரு நியாயமான காரணமும் உண்டு. அதை எங்க ஆயா வாயிலிருந்து கேட்டேன். ஆயா காலத்தில் அறுத்த மாடு அபூர்வம். செத்த மாடுதான். ஊர்த்தெருவில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்கிக்கொண்டு போக வேண்டும், தோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கறி நீங்கள் தின்னுங்கள். நோய் வந்து செத்த மாட்டுக்கறியைத் தின்று வாந்தி பேதியில் போனவர்கள் உண்டு. ஆயாவின் தங்கச்சி ஒருத்தி அப்படித்தான் போனாள். ‘அது வயித்த அறுத்தா பச்சையா வரும், மூக்குகிட்ட போவ முடியாது, அதையும் கழுவுனோம், பசி’ என்று ஆயா சொல்லும். அப்புறம் ஒரு வருசம் தாத்தாவும் அவர் சோட்டுக்காரர்களும் சேர்ந்து இனி செத்த மாடு தூக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் கழனி வேலை கொடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. மூன்று மாசம் தாக்குப் பிடித்தார்கள். ஆயா அந்த மூன்று மாசத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். கீரையும் காட்டுக்கிழங்கும் தின்றோம், செத்த மாடு தின்னவில்லை என்று சொல்லும்.

இது எங்க ஊரில் மட்டும் நடந்ததில்லை. 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மக்களிடம் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடுங்கள், எறிகிற எச்சிலை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பின்னால் 1948-இல் வெளிவந்த ‘தீண்டப்படாதவர்கள் யார்?’ நூலில், சிதறுண்ட மக்களாகவும் பௌத்தர்களாகவும் இருந்தவர்கள் மாட்டுக்கறியை விடாததால் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். ரெண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் கறியை இழிவு என்று சொல்லவில்லை. ஊர் எறிவதைப் பொறுக்குகிற நிலைமையைத்தான் இழிவு என்றார். அந்தக் கோட்டை எங்க தாத்தா சரியாகப் போட்டார். அறுத்த மாடு தின்போம், செத்த மாடு தூக்கமாட்டோம். ஆனால் எங்க சொந்தத்திலேயே சிலர், அறுத்த மாடும் வேண்டாம் ஆட்டுக்கறி தின்றால்தான் மரியாதை என்று போய்விட்டார்கள். அவர்களையும் என்னால் ஏச முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களுக்கு நடுவில் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் அவர்கள்.

தோலுரித்த கையை இந்த நாடு என்ன செய்யும் என்பதை 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் பார்த்தோம். செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகச் சட்டையைக் கழற்றிக் கட்டிவைத்து அடித்தார்கள். தூக்கமாட்டேன் என்றாலும் அடி, தூக்கினாலும் அடி.

சரி, குடல் என்றால் எல்லாக் குடலுமா இழிவு? ஆட்டுக்குடல் இல்லையே! அதற்குப் ‘போட்டி’ என்று பேர் வைத்து, மிளகு தட்டிப்போட்டு வறுத்து ஓட்டல்காரன் தட்டு நூறு, நூற்றைம்பது என்று விற்கிறான். மதுரைப் பக்கம் காலையில் இட்லிக்கே குடல் குழம்பு ஊற்றுகிறார்கள். தலைக்கறி, ஆட்டுக்கால் பாயா, மூளை வறுவல் என்று பலகை எழுதித் தொங்கவிடுகிறார்கள். செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடினால் எல்லாச் சாதிக்காரனும் வந்து நிற்கிறான். அதே குடல், அதே சாணி, அதே சுண்ணாம்பு. ஆட்டுக்குடல் சமையல் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது, மாட்டுக்குடல் எங்க நகக்கண்ணில் இருக்கிறது.

வேலைக்காகச் செஞ்சியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் வீட்டில் ஞாயிறு தவறாமல் ஆட்டுப்போட்டி வறுப்பார்கள், மணம் மாடிக்கு வரும். அவர் மனைவி நல்ல மாதிரிதான், ரெண்டு தடவை கிண்ணத்தில் கொண்டுவந்தும் கொடுத்தார். ஒருநாள் அம்மா ஊரிலிருந்து குடல் கழுவி எடுத்துக்கொண்டு வந்தது. குக்கர் வைத்தோம். அந்தம்மா மேலே வந்து ‘என்ன கொழம்பு, வாசனை வேற மாதிரி இருக்கே’ என்று கேட்டார். மாட்டுக்குடல் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வீட்டுக்காரர் வந்து, பையனுக்குக் கல்யாணம் பேசுகிறோம், மாடி வேண்டும் என்றார். பையன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அடுத்து நான் போனது ஒரு பாய் வீட்டு மாடி. அங்கே அந்தம்மா நாலு நாளில் அம்மாவிடம் மொச்சை எப்போது போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தை ஒரு வாரம் நடத்தினார்கள். நயம் பாராட்டி, கண்ணீர் விடாத குறையாக. நான் வள்ளுவரிடம் சண்டைக்குப் போகவில்லை. எங்க ஊர் மலையில் நிற்கிற சமணர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. நன்னூலும் சிந்தாமணியும் அவர்கள் கொடுத்ததுதான். உயிரைக் கொல்லாதே என்பது ஒரு அறம். ஆனால் அந்த அறம் எப்போது சைவச் சாப்பாடாகி, சைவச் சாப்பாடு எப்போது சாதி உசரமாகி, எங்க வாயை மோந்து பார்க்கிற மூக்காக மாறியது என்பதை வகுப்பில் யாரும் நடத்தவில்லை. புலால், புலவு, புலை, புலையர் என்று சொற்களை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினாலே போதும், பாதி வரலாறு தெரிந்துவிடும். கறிக்கும் ஆளுக்கும் ஒரே வேர்.

சங்க இலக்கிய வகுப்பில் மலைபடுகடாம் வந்தது. நன்னன் ஊர் செங்கண்மா, இப்போதைய செங்கம், எங்க ஜில்லாதான். கூத்தர்களுக்கு வழியெல்லாம் விருந்து. பன்றியும் உடும்பும் மானும் முள்ளம்பன்றியும் ஆக்கிப் போட்டார்கள். இதை வாசிக்கும்போது பழந்தமிழர் விருந்தோம்பல் என்றார் பேராசிரியர். அகநானூற்று 309-ஆம் பாட்டைக் காட்டி, வேம்படியில் கொழுத்த பசுவை வெட்டி ரத்தம் தூவி, கறியைப் புழுக்கித் தின்கிறார்களே, இதுவும் விருந்தோம்பல்தானா என்று கேட்டேன். அது பாலை நிலத்து மழவர் வழக்கம், தேர்வுக்கு வராது என்றார். வகுப்பு சிரித்தது. எங்க வீட்டு வழக்கம் தேர்வுக்கு வராத பாட்டில் இருப்பது எனக்கு அன்றைக்கு ஒரு வகையில் சந்தோசமாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் ஆங்கில அகராதியில் ‘ட்ரைப்’ என்ற சொல்லைப் பார்த்தேன். மாட்டு வயிறு, உணவு என்று முதல் பொருள். குப்பைப் பேச்சு, மட்டமானது என்று ரெண்டாவது பொருள். அங்கேயும் இப்படித்தானா என்று தோண்ட ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளிகளின் உணவு அது. ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பொம்பளைக்கு அடுப்பில் மூன்று மணி நேரம் குடல் வேகவைக்க முடியாது. அதனால் சுத்தம் செய்து, வேகவைத்து, வெளுத்து விற்கிற கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. காடி ஊற்றி அப்படியே தின்பார்கள். வீட்டில் சமைத்தால் வெங்காயமும் பாலும் சேர்த்து வெள்ளையாக ஒரு குழம்பு. மிளகாய் இல்லாத குடல் குழம்பு! அம்மாவிடம் சொன்னபோது ‘பாலா? அய்ய, கவுச்சி அடிக்காது?’ என்று கேட்டது. 1920-இல் அந்தக் கடைக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரு கம்பெனியே தொடங்கி, வட இங்கிலாந்து முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் வைத்தார்கள். மேசை விரிப்பு போட்டுப் பரிமாறிய குடல் ஓட்டல்கள். வயிற்று அறைகளுக்கு அவர்கள் வைத்த பேரைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். ஒன்று கம்பளி, ஒன்று தேன்கூடு, மூன்றாவது பைபிள். ஏடு ஏடாக இருப்பதால் பைபிள். எங்க அம்மா வைத்த அதே பேர்!

ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் எழுதிய ‘விகன் துறைக்குப் பாதை’ என்ற நூல் ஒரு குடல் கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. தொழிலாளிகள் பக்கம் நின்ற எழுத்தாளர்தான். ஆனாலும் அவர் கண்ணில் பட்டது அழுக்கும் கரப்பான் பூச்சியும். கடைக்குப் பின்கட்டில் யார் கழுவினார்கள், எந்தச் சூட்டுத் தண்ணியில் கழுவினார்கள் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. குடலைத் தின்றவள் எழுதியிருந்தால் அந்த நூல் வேறு இடத்தில் தொடங்கியிருக்கும்.

ஸ்காட்லாந்துக்காரன் கதை வேறு. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ் தானியத்தோடு சேர்த்து ஆட்டு வயிற்றுக்குள்ளேயே அடைத்து வேகவைப்பது அவர்கள் ‘ஹாகிஸ்’. ஏழை வீட்டுச் சாப்பாடு. உழவர் குடும்பத்துக் கவிஞன் ராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் அதை வாழ்த்தி ஒரு பாட்டு எழுதினான். இன்றைக்கும் சனவரி 25-ஆம் தேதி அவன் பிறந்த நாளில் குழல் வாத்தியம் முழங்க அந்தத் தட்டைச் சபைக்குள் கொண்டுவருகிறார்கள், பாட்டைச் சொல்லிக் கத்தியால் அறுத்துப் பரிமாறுகிறார்கள். கோட்டு போட்ட கனவான்கள் எழுந்து நிற்கிறார்கள். எங்க காலனியில் பறை இருக்கிறது, குடல் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து ஒரு சபைக்குள் கொண்டுபோனால் எழுந்து நிற்பார்களா, எழுந்து போவார்களா?

வெள்ளைக்காரனைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரனை அடித்து, அடுத்த வருசம் செஞ்சிக் கோட்டையையும் பிடித்தானே ஆங்கிலேயன், அவன் வம்சம் சென்னையில் குந்தி மாட்டுக்கறி தின்றபோது சமைத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஆட்கள். மற்றவர்கள் தொடமாட்டார்கள். 1878-இல் ஒரு கர்னல் சென்னை வெள்ளைக்காரர்களுக்காகச் சமையல் புத்தகம் எழுதினான். அதில் சமையல்காரனுக்கு ஒரே பேர், ராமசாமி. எல்லாச் சமையல்காரனும் ராமசாமி. கைப்பக்குவம் நம்மது, புத்தகம் கர்னலுடையது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் கதைதான் நமக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. பண்ணை முதலாளி பன்றித் தொடையை எடுத்துக்கொண்டு குடலை அடிமைகளுக்கு எறிந்தான். அவர்கள் அதைக் கழுவி, மணிக்கணக்கில் வேகவைத்து ‘சிட்லின்ஸ்’ என்று தங்கள் பண்டிகைச் சாப்பாடாக்கினார்கள். வெள்ளையர் அரங்கில் இடம் கிடைக்காத கறுப்புப் பாடகர்கள் ஊர் ஊராகப் பாடிய அரங்குகளின் வரிசைக்கே அந்தக் குடலின் பேர்தான் வந்தது. அதே மக்களுக்குள்ளே எலிஜா முகம்மது, இது அடிமைத்தனம் கொடுத்த தீனி, பன்றியைத் தொடாதீர்கள் என்று சொல்லி 1967-இல் புத்தகமே போட்டார். அங்கேயும் ரெண்டு குரல். மகாராட்டிரத்தில் ஷாஹு படோலே 2015-இல் மராத்தியில் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்று நம்ம மக்களின் சமையலை எழுதினார். அன்னமே பூரண பிரம்மம் என்று அவர்கள் சொல்வார்கள், இவர் எங்க அன்னம் அபூரணம் என்று தலைப்பு வைத்தார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. கொழுப்பு, ரத்தம், குடல் எதையும் அவர் மறைக்கவில்லை.

இதையெல்லாம் படித்த தைரியத்தில், போன ஏப்ரல் 14-க்கு எங்க காலனிப் பிள்ளைகள் பிரியாணி போடலாம் என்றபோது நான் குறுக்கே பேசினேன். பிரியாணி வேண்டாம், களியும் குடல் குழம்பும் போடுவோம், அண்ணல் படத்துக்கு முன்னாடி பறையடித்துக் கொண்டுவருவோம் என்றேன். பிள்ளைகளுக்கு யோசனை பிடித்துப்போனது. அம்மாதான் திண்ணையிலிருந்து கேட்டது:

‘பசிக்குத் துன்னது. அத எதுக்குடி மேடையில ஏத்துற?’

‘நம்ம சாப்பாடும்மா. நாம ஏன் மறைக்கணும்?’

‘நான் எப்ப மறைச்சேன்? கூடையில வச்சித் தலையில தூக்கினு ஊரு வழியாத்தான் போனேன். நீ பொறந்து பத்து நாள்ல போனேன். அதுல பெருமையும் இல்ல, வெக்கமும் இல்ல. வேல அது.’ கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றது. அப்புறம், ‘முந்நூறு பேருக்குக் கொடலுன்னா மூணு மாட்டு வயிறு வேணும். யாரு கழுவுவா? பொம்பளைங்கள கூப்புடுவீங்க. நாங்க கழுவி ஆக்கி வச்சா நீங்க பறையடிச்சித் தூக்கினு வருவீங்க. அதான?’

யாரும் பேசவில்லை. சங்கத் தலைவராக இருக்கிற தம்பி முதலில் சிரித்தான், அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ரெண்டு நாள் கழித்து அவனே வந்து, நாங்க கழுவுறோம் பெரியம்மா, நீங்க வந்து பதம் மட்டும் சொல்லுங்க என்றான்.

13-ஆம் தேதி மத்தியானம் பன்னிரண்டு பையன்கள், அதில் ரெண்டு பேர் எம்.எஸ்சி., ஒருத்தன் வக்கீலுக்குப் படிக்கிறவன், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். சாணி கொட்டும்போதே ஒருத்தன் எழுந்து ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தான், திரும்பி வந்தான். சின்னக் குடலைக் குச்சியால் குத்தினான் ஒருத்தன். அம்மா சொம்பை வாங்கி ஒரு தடவை திருப்பிக் காட்டியது. செல்போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் நடந்தது. சுண்ணாம்பு எரியுது பெரியம்மா என்றான் வக்கீலுக்குப் படிக்கிறவன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொஸ்தகத்தை வாங்கி ஏடு ஏடாகப் பிரித்துப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தது.

‘எரியத்தான் எரியும். எடுக்குல இன்னும் கறுப்பு நிக்கிது பாரு. தேய்.’